வரிக் கடைசியில் ஒரு கோடு

பரீட்சை நாள் காலை ஏழு மணிக்கு, அடுப்பில் பால் இருந்த நேரம் பார்த்து, அந்தப் பெண் வாயைத் திறந்திருக்க வேண்டாம். கணக்குப் பரீட்சைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் தனக்குத் தெரிந்ததை இன்னொருவர் காதில் போடாவிட்டால் அவளுக்குச் சோறு செரிக்காது. பத்தாம் வகுப்பு வந்தும் அந்தக் குணம் போகவில்லை.

"அம்மா, இங்க பாரேன். முப்படிக் கோவையைக் காரணிப்படுத்துன்னு கேட்டா எங்க கிளாஸ்ல எல்லாரும் மண்டையை உடைச்சுக்கறாங்க. ஒரு நிமிஷ வேலைம்மா. முன்னாடி நிக்கிற நம்பரையெல்லாம் கூட்டு. பூஜ்யம் வந்தா எக்ஸ் மைனஸ் ஒண்ணு ஒரு காரணி. மீதி தானா கழண்டு வரும்."

"எனக்கு எதுக்குடி இதெல்லாம்? பல்லு தேச்சியா?"

"தேச்சாச்சு. இதைக் கூட்டேன், ஒரே ஒரு தடவை." நோட்டைத் தூக்கி அம்மாவின் மூக்குக்கு நேரே பிடித்தாள். x³ − 2x² − 5x + 6 என்று இருந்தது. "ஒண்ணு, மைனஸ் ரெண்டு, மைனஸ் அஞ்சு, பிளஸ் ஆறு."

அம்மா மனதுக்குள் கூட்டினாள். "பூஜ்யம்."

"பாத்தியா! பரீட்சையில முக்கால்வாசி இப்படித்தான் குடுப்பாங்க. ஏதாவது ஒரு சின்ன நம்பர் போட்டா பூஜ்யம் வரணும். வராத கோவையைக் குடுத்தா எவனாலயும் உடைக்க முடியாது. விடிய விடிய உக்காந்தாலும் வராது."

அம்மா சிரித்துக்கொண்டே அடுப்புப் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அது நடந்தது. மனம் தன் பாட்டுக்கு வேறொரு கோவையைக் கூட்டத் தொடங்கியது. ஒன்று. மைனஸ் ஏழு. பிளஸ் பதினான்கு. பிளஸ் எட்டு.

பதினாறு.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மகள் ஓடிவந்து அடுப்பை அணைக்க வேண்டியிருந்தது. "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

நிற்காமல் என்ன செய்வாள்? அந்தக் கோவை இன்று காலை பத்து மணிக்குப் பிரிக்கப்படப்போகும் கேள்வித்தாளில் முப்பத்தொன்பதாவது கேள்வி. அதைக் கணினியில் அடித்தவள் அவள்.

அச்சகத்தில் ஒன்பது வருடமாகக் கணக்குத் தாள் என்றால் அவள்தான். மேலே ஏறும் சின்ன மூன்றையும் சின்ன இரண்டையும் பார்த்தாலே மற்றவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள். அவளுக்கும் அதன் பொருள் தெரியாது. அவளுக்கு அதெல்லாம் படம். பார்த்து அப்படியே அடிப்பாள். தேர்வு வேலை நடக்கும் இருபது நாளும் ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டி, கைப்பேசியை வாசலில் பிடுங்கிக்கொண்டு, கழிப்பறைக்குப் போனாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விடுவார்கள். அடித்ததை வெளியே ஒருவரிடமும் மூச்சுவிடக் கூடாது. அவள் விட்டதும் இல்லை.

வேலை தொடங்கும் முன் வருடாவருடம் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். 'என் நெருங்கிய உறவினர் எவரும் இவ்வாண்டு இத்தேர்வை எழுதவில்லை. பொய் என நிரூபணமானால் அவரது தேர்வு ரத்து செய்யப்படுவதற்குச் சம்மதிக்கிறேன்.' எட்டு வருடம் அது உண்மை. இந்த வருடம் பொய். முதலாளி தாளை நீட்டியபோது, உண்மையைச் சொல்லி இந்த வருடம் ஒதுங்கிவிட்டால் அடுத்த வருடம் தன் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள் என்று பயந்து, பழைய கையெழுத்தையே போட்டுவிட்டாள். அந்த ஒரு நொடி பயம் இன்று வட்டியோடு வந்து வாசலில் நின்றது.

சொன்னால் மகளின் பரீட்சை போகும். சொல்லாவிட்டால் உடையவே உடையாத ஒன்றை உடைத்துக்கொண்டு ஊர்ப்பட்ட பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், அவள் பெற்றதும் சேர்த்து. அதிலும் இவள் பெற்றது ஒரு கணக்கு வரவில்லை என்றால் அடுத்ததற்குப் போகாது. அரையாண்டில் ஒரே கணக்கில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த பிடிவாதக் கழுதை.

எட்டரை மணிக்கு மகள் செருப்பை மாட்டினாள். அம்மா வாசல் வரை வந்தாள்.

"இந்தா பாரு, ஏதாவது ஒரு கணக்கு வரலைன்னா..."

"வரலைன்னா?"

முப்பத்தொன்பதை விட்டுவிடு. இரண்டே வார்த்தை, நாக்கு நுனியில் இருந்தது. வெளியே விட்டால் அதற்குப் பெயர் கேள்வித்தாள் கசிவு. அம்மா வாயைக் கடித்து மூடினாள்.

"ஒண்ணுமில்ல. ஸ்டெப் போடு. எல்லாத்தையும் மனசுலயே போட்டு விடையை மட்டும் எழுதிட்டு வராதே."

"ஆரம்பிச்சிட்டியா!" என்று சொல்லிவிட்டு மகள் துள்ளிக்கொண்டு போனாள்.

அவள் தெரு முனையில் திரும்பியதும் அம்மா அச்சகத்துக்கு ஓடினாள். ஓட்டமென்றால் ஓட்டம்தான். எதிரில் வந்தவர்கள், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போல என்று வழிவிட்டார்கள்.

அச்சகத்தில் பிழை திருத்துபவர் மட்டும் வந்திருந்தார். எல்லோரும் அவரைக் கமா அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எழுத்தில் மட்டுமல்ல, பேச்சிலும் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துவார். கணக்குத் தாளில் 'மூலங்களைக் காண்க' என்று வந்தால், "இது, டாக்டர் கேக்க வேண்டிய, கேள்வியாச்சே" என்று ஒன்பது வருடமாக ஒரே நகைச்சுவையைச் சொல்லி, ஒன்பது வருடமாகத் தானே சிரிப்பவர். தமிழில் ஒரு ஒற்று அவர் கண்ணிலிருந்து தப்பாது. கணக்கில் அவளைப் போலத்தான்.

"அண்ணே, முப்பத்தொன்பதாவது கேள்வி. முதல் புரூஃப்ல ஒரு கோட்டைச் சிவப்புல அடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"எது, வரிக் கடைசியில, அனாதையா நின்னுச்சே, அதுவா?" அவருக்குப் பெருமை. "பார்த்த உடனே அடிச்சேன். வார்த்தையை உடைச்சா வர்ற கோடு. முப்பது வருஷமா, அதைத்தானே வேட்டையாடறேன்."

அவள் அங்கேயே காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பத்தி ஒடுக்கமாக இருந்ததால் x³ − 7x² + 14x − என்பது வரிக் கடைசியோடு முடிந்து, 8 மட்டும் அடுத்த வரியில் விழுந்திருந்தது. அவர் அதை வார்த்தை உடைந்த கோடு என்று அடித்தார். திருத்த உட்கார்ந்தபோது அவள், அண்ணன் மைனஸை அடித்திருக்கிறார், அப்படியென்றால் அங்கே பிளஸ்தான் என்று முடிவு கட்டினாள். மூலப் பிரதி அதற்குள் அரக்கு வைத்த பைக்குள் போய்விட்டது. முதலாளி வெளியிலிருந்து "மணி என்ன ஆச்சு?" என்று கத்திக்கொண்டிருந்தார். தட்டினாள் பிளஸ்ஸை. இரண்டாம் புரூஃபில் எல்லாம் அழகாக இருக்கிறதென்று அண்ணன் சரி போட்டார். அந்தத் தப்புக்கும் இரண்டு காரணிகள்: அவர் ஒன்று, அவள் ஒன்று.

விஷயத்தைச் சொல்லி முடித்தபோது கமா அண்ணன் முதல்முறையாக நிறுத்தம் இல்லாமல் பேசினார்.

"வாயைத் திறக்காதே தங்கச்சி ஒரே ஒரு கேள்வி அஞ்சு மார்க்கு பசங்க அதை விட்டுட்டு வேற எழுதிக்குவாங்க என் வேலை உன் வேலை போனா போகுது நீ கையெழுத்துப் போட்ட தாளை நினைச்சுப் பாரு பொண்ணு பரீட்சையே போயிடும்மா."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை கூடக் கிடையாது. அவளும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐந்து. பேசாமல் வீட்டுக்குப் போய், வழிந்த பாலைத் துடைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது.

"அண்ணே, நான் பத்தாவதுல கணக்குல ஃபெயிலாகிப் போனேன், தெரியுமில்ல?"

"அதுக்கு இப்ப என்ன?"

"ஒரு கணக்குல மாட்டிக்கிட்டேன். ரெண்டு, மூணு, மூணு, ரெண்டுன்னு வரும். எத்தனை தடவை போட்டும் வரல. நான் முட்டாள்னு முடிவு பண்ணிட்டு, அழுதுக்கிட்டே எழுந்து வந்துட்டேன். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகல. இன்னிக்குக் காலையிலதான் தோணுது அண்ணே. அந்தக் கணக்கை எவளாவது தப்பா அடிச்சிருந்தா?"

கமா அண்ணன் தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, அவளைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். தேர்வு அலுவலக எண், வேடிக்கையைப் பாருங்கள், அந்த உறுதிமொழித் தாளின் அடியிலேயே அச்சாகியிருந்தது. அதுவும் அவள் அடித்ததுதான்.

மறுமுனையில் வந்த அதிகாரி கத்துகிறவராக இருந்திருந்தால் கூடத் தேவலை. அவர் மிக மெதுவாகப் பேசினார்.

"மைனஸ் எட்டுன்னு எப்படிச் சொல்றீங்க? பிரதியைப் பார்த்தீங்களா?"

"இல்ல சார். பை சீல் வெச்சிருக்கு. முன்னாடி நிக்கிற நம்பரையெல்லாம் கூட்டினேன். பூஜ்யம் வரல, பதினாறு வந்துச்சு. மைனஸ் எட்டுன்னா பூஜ்யம் வருது."

"நீங்க கணக்கு படிச்சவங்களா?"

"பத்தாவது ஃபெயில் சார்."

"அப்போ கூட்டணும்னு யார் சொன்னா?"

தொலைக்காட்சியில் பார்த்தேன் என்று சொல்லலாம். பக்கத்து வீட்டுப் பெண் என்று சொல்லலாம். ஏற்கெனவே சொன்ன ஒரு பொய் இவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கிறது. இன்னொன்றுக்கு உடம்பில் தெம்பில்லை.

"என் பொண்ணு சார். இன்னிக்குக் காலையிலதான் சொல்லிக் குடுத்தா."

"பொண்ணு என்ன படிக்குது?"

"பத்தாவது. இப்ப பரீட்சை எழுதப் போயிருக்கா."

அந்தப் பக்கம் பேனா மூடியைக் கழற்றும் ஒலி கேட்டது. "பொண்ணோட தேர்வு எண் சொல்லுங்க" என்றார்.

அவள் சொன்னாள். ஒவ்வோர் இலக்கத்தையும் சொல்லும்போது தன் கையாலேயே மகளைப் பிடித்துக் கொடுப்பது போல இருந்தது.

மகள் ஒன்றரை மணிக்கு வந்தாள். வந்த வேகத்தில் பையை ஒரு மூலையிலும் செருப்பை இன்னொரு மூலையிலும் எறிந்தாள்.

"அம்மா, இன்னிக்கு ஒரே கூத்து! முப்பத்தொன்பதாவது கேள்வியில குறி தப்பு. பத்தே முக்காலுக்கு மேற்பார்வையாளர் வந்து, பிளஸ் எட்டை மைனஸ் எட்டா மாத்திக்கோங்கன்னாரு. எந்த ஜென்மம் டைப் பண்ணுச்சோ தெரியல."

"நீ... நீ மாத்தினியா?"

"நானா? அதைத்தான் முதல்ல எடுத்தேன். அவர் வர்றதுக்குக் கால் மணி முன்னாடியே மாத்திப் போட்டு முடிச்சுட்டேன்! எழுந்து நின்னு சொன்னேன்ல, 'சார், நான் அப்பவே மைனஸ் போட்டுட்டேன்'னு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவர் என் நம்பரைக் கூட எழுதிக்கிட்டுப் போனாரு, பாராட்டத்தான் இருக்கும்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கேள்வித்தாளை அடித்தவளின் மகள், யாரும் சொல்வதற்கு முன்பே திருத்தத்தைத் தெரிந்துவைத்திருக்கிறாள். எந்தப் பைத்தியக்காரன் இதை நம்புவான்?

"எப்படிக் கண்டுபிடிச்சேன்னு எழுதினியா? ஸ்டெப் போட்டியா?"

"அதை எதுக்கு எழுதணும்? மனசுலயே தெரிஞ்சுது. நேரா மைனஸ்னு எழுதி உடைச்சுட்டேன்."

அந்த நேரத்தில் ஒரு தாய்க்கு மகளை அறையவும் தோன்றும், கட்டிக்கொண்டு அழவும் தோன்றும். இவள் இரண்டும் செய்யவில்லை. "சாப்பிடு" என்றாள்.

நான்கு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தொலைபேசியில் கேட்ட அதே மெதுவான குரல். நரைத்த தலை, கையில் ஒரு காகித உறை. மகள் முன்னாலேயே உட்கார்ந்து, உறையிலிருந்து அவளுடைய விடைத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். முப்பத்தொன்பதாவது கேள்விக்கு நேரே ஒரே ஒரு வரி: (x − 1)(x − 2)(x − 4). ஓரத்தில் ஒரு கூட்டல் கூட இல்லை. பளிங்கு மாதிரி சுத்தம்.

"காலையில பொண்ணை அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"ஸ்டெப் போடுன்னு சொன்னேன் சார்."

"அதைக் கேக்கலை போலிருக்கே." அவர் சிரிக்கவில்லை.

மகளுக்கு இப்போதுதான் உறைத்தது. "என்னம்மா இது? இவர் யாரு?"

"டைப் பண்ணது நான்தான்டி" என்றாள் அம்மா. "உன்கிட்ட நான் ஏதாவது சொன்னேனான்னு கேக்க வந்திருக்காரு."

அதிகாரி இன்னொரு கேள்வியும் கேட்கவில்லை. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, x³ − 9x² − 23x − 15 என்று எழுதி அவள் முன்னால் தள்ளினார். "காரணிப்படுத்தும்மா."

அம்மா கதவோரம் நின்று கூட்டினாள். ஒன்று, மைனஸ் ஒன்பது, மைனஸ் இருபத்துமூன்று, மைனஸ் பதினைந்து. மைனஸ் நாற்பத்தாறு. பூஜ்யம் வரவில்லை. மகள் பேனாவை எடுத்தாள், கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். உதடு முணுமுணுத்தது. ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று. வரவில்லை, பயத்தில் எல்லாம் மறந்துவிட்டது, குழந்தை தொலைந்தது என்று அம்மா முடிவு கட்டினாள்.

"சார்." மகளின் குரல் உடைந்திருந்தது. "கோவிச்சுக்காதீங்க. இதுவும் தப்பா இருக்கு."

"எது?"

"ஒண்ணு போட்டா மைனஸ் நாப்பத்தாறு மீதி வருது. மூணு போட்டா அது மாதிரி மூணு மடங்கு. அஞ்சு போட்டா அஞ்சு மடங்கு. போடப் போட அதே மடங்குல ஏறுதுன்னா தப்பு எக்ஸ் கூட நிக்கிற நம்பர்லதான் சார். அங்க பிளஸ் இருபத்துமூணு இருக்கணும். அப்போ ஒண்ணு, மூணு, அஞ்சு எல்லாமே சரியா வரும்."

"காலையில?"

"காலையில ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு எதைப் போட்டாலும் ஒரே பதினாறு மீதி வந்துச்சு. மூணு பேரும் ஒரே பதில் சொன்னா தப்பு அவங்க மேல இல்ல. கடைசி நம்பர்தான் பதினாறு கூடப் போயிருக்கு. பிளஸ் எட்டு, மைனஸ் எட்டாகணும்." அவள் அழத் தொடங்கியிருந்தாள். "எங்கம்மா ஒண்ணுமே சொல்லல சார்."

அதிகாரி அந்தத் தாளை அவள் பக்கம் தள்ளி, "இப்ப சொன்னதையெல்லாம் இதுலயே எழுதிக் கையெழுத்துப் போடும்மா. ஒரு படி விடக் கூடாது" என்றார். அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, அதை விடைத்தாளோடு சேர்த்து உறையில் வைத்தார்.

வாசலில் அம்மாவிடம் திரும்பினார். "அடுத்த வருஷத்துலேருந்து இந்த வேலைக்கு உங்களைக் கூப்பிட மாட்டாங்க. பொய்க் கையெழுத்துக்கு விளக்கம் எழுதிக் குடுக்கணும். பொண்ணு தாள் மத்த தாள்களோட திருத்தப் போகும். அதுக்கு நான் பொறுப்பு."

அவர் போன பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த ஜென்மம் நீதானா?"

"நான்தான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா இந்நேரம் உன் பரீட்சை குப்பையிலடி." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து நெஞ்சில் குத்திக்கொண்டிருந்ததை அப்போதுதான் வெளியே எடுத்தாள். "நான் பத்தாவதுல விட்டுட்டு வந்த ஒரு கணக்கைச் சொல்றேன், எழுது. ரெண்டு எக்ஸ் கியூப், மைனஸ் மூணு எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் மூணு எக்ஸ், பிளஸ் ரெண்டு. கூட்டிப் பாத்துட்டேன், மைனஸ் ரெண்டு வருது. அது தப்பான கணக்குதானே?"

அவள் கேட்ட விதத்தைப் பார்த்து மகள் நோட்டை எடுத்து மடியில் வைத்து எழுதினாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தாள்.

"இல்லம்மா. சரியான கணக்குதான். ஒண்ணு போட்டாத்தான் வராது. மைனஸ் ஒண்ணு போட்டா பூஜ்யம் வந்துடும்."

அம்மா மகளின் மடியிலிருந்த நோட்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அப்ப சொல்லிக் குடு" என்றாள். "ஸ்டெப் விடாம."